கொக்கு வரும் இடத்தில் முன்னாலேயே உட்காருங்கள்

கேள்வி:

உத்திரமேரூர் வட்டத்தில் ஒரு அரசுப் பள்ளியில் ஆசிரியராக வேலை பார்க்கிறேன். பழைய டிஎஸ்எல்ஆர் கேமரா ஒன்றும் 70–300 லென்ஸ் ஒன்றும் செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறேன். விடுமுறை நாட்களில் ஏரிக்கரைக்குப் போய் கொக்கு, நாரைகளைப் படமெடுக்கப் பார்க்கிறேன். கரையை விட்டு இறங்கினாலே எல்லாம் எழும்பிப் போய்விடுகின்றன. அப்படியே ஒன்றிரண்டு சிக்கினாலும் வெள்ளைக் கொக்கு படத்தில் வெறும் வெள்ளைத் திட்டாக வருகிறது. இறகு ஒன்றுகூடத் தெரிவதில்லை. 600 லென்ஸ் வாங்கினால்தான் தீரும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். என் சம்பளத்தில் அது பெரிய தொகை. வாங்கத்தான் வேண்டுமா?

இன்னொன்று. எங்கள் பள்ளிக்குப் பின்னால் உள்ள ஆலமரத்தில் கொக்குகள் கூடு கட்டுகின்றன. பள்ளி மாடியில் நின்றால் கூடுகள் கண்ணுக்கு நேராக இருக்கும். ஒரு கிளை மட்டும் குறுக்கே மறைக்கிறது. அதைக் கழிக்கச் சொல்லி, குஞ்சுகளைப் படமெடுத்து மாணவர்களுக்குக் காட்டலாம் என்று நினைக்கிறேன். செய்யலாமா?

பதில்:

கிளையை வெட்டாதீர்கள். அவசரமான பதில் என்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். காரணத்தைப் பின்னால் விரிவாகப் பேசலாம்.

பறவைகள் எழும்பிப் போவதற்கு வருவோம். கொக்கை நோக்கி நடப்பதை நிறுத்துங்கள். எவ்வளவு மெதுவாக, எவ்வளவு குனிந்து போனாலும், தன்னை நோக்கி வரும் எதையும் அது கணக்கில் வைத்துக்கொண்டே இருக்கும். எந்த இடத்தில் எழும்புவது என்பதை அது தீர்மானிக்கிறது. அந்தத் தூரம் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. பஸ் போகும் சாலையோர வாய்க்காலில் நிற்கும் மடையான், பத்தடியில் சைக்கிள் போனாலும் அசையாது. அதே மடையான் ஆள் நடமாட்டம் இல்லாத ஏரியின் உள்வாயில் நூறடிக்கு முன்பே கிளம்பிவிடும். செந்நாரை எங்கே இருந்தாலும் கூச்சம் மிகுந்தது. கோரைக்குள் நிற்பதையே நாம் பார்க்க மாட்டோம், எழும்பும்போதுதான் தெரியும். இரை எடுத்துக்கொண்டிருந்த பறவை நிறுத்திவிட்டுக் கழுத்தை விறைப்பாக நிமிர்த்தினால், அல்லது உங்களுக்கு எதிர்ப்பக்கம் நாலு எட்டு நகர்ந்தால், நீங்கள் எல்லையைத் தொட்டுவிட்டீர்கள். அப்போது நின்றுவிட வேண்டும். முடிந்தால் பின்வாங்க வேண்டும். அதற்கு மேல் வைக்கும் ஒவ்வொரு அடிக்கும் அந்தப் பறவை தன் காலைச் சாப்பாட்டை விட்டுக்கொடுக்கிறது.

செய்ய வேண்டியது இதுதான்: அது எங்கே வரும் என்று தெரிந்துகொண்டு, அது வருவதற்கு முன்னால் நீங்கள் அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும். நீங்கள் இருப்பது வாய்ப்பான ஊர். கொக்கு எங்கே வரும் என்பதை ஏரிப் பாசனமே உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்.

முதலில் கலங்கல். ஐப்பசி, கார்த்திகையில் ஏரி நிரம்பி கலங்கல் போகும்போது, வழியும் நீரை எதிர்த்து மீன் ஏறப் பார்க்கும். ஏற முடியாமல் அடிவாரத்தில் கூட்டமாகத் திரளும். சின்னக் கொக்கும் பெரிய கொக்கும் மடையானும் அங்கே வரிசை கட்டி நிற்கும். விடிவதற்கு முன்பே போய், கலங்கல் சுவரை ஒட்டிப் பாதுகாப்பான மேட்டில் உட்காருங்கள். நீர் வேகமாகப் போகும் நாளில் இறங்கவே கூடாது. வெளிச்சம் வரும்போது பறவைகள் வரும். அசையாமல் உட்கார்ந்திருக்கும் ஆளை அவை ஓரளவு ஏற்றுக்கொள்கின்றன. வந்து நிற்கும் ஆளைத்தான் ஏற்பதில்லை. மதகிலிருந்து பிரியும் வாய்க்காலும் இப்படித்தான். தண்ணீர் திறந்துவிட்ட நாளில் மதகடிக் கல்லில் ஒரு மடையானாவது நிற்கும். அநேகமாக அடுத்த நாளும் அதே கல்லில் நிற்கும். ஒவ்வொரு பறவைக்கும் தான் விரும்பி நிற்கும் இடம் உண்டு. நாலு நாள் கேமராவை எடுக்காமல் வெறுமனே பார்த்தாலே அது பிடிபட்டுவிடும்.

அடுத்தது சேற்றுழவு. நான் எவருக்கும் முதலில் சொல்வது இந்த இடத்தைத்தான். தண்ணீர் கட்டிய வயலில் டிராக்டர் இறங்கியதும் உண்ணிக்கொக்கு, சின்னக் கொக்கு, மடையான், சில ஊர்களில் அரிவாள் மூக்கன் எல்லாம் பின்னாலேயே வரும். சேற்றிலிருந்து கிளம்பும் புழு, தவளை, பூச்சி மேல்தான் அவற்றின் கவனம். வரப்பில் உட்கார்ந்திருக்கும் உங்களை அவை பொருட்படுத்துவதில்லை. டிராக்டர் வயலைச் சுற்றிச் சுற்றி வருவதால் பறவைகளும் உங்கள் மூலையைச் சுற்றுக்கு ஒரு முறை கடக்கும். இருபது, முப்பது அடி தூரத்தில் பறப்பதும் இறங்குவதும் சண்டை போடுவதும் கிடைக்கும். உங்கள் 300 லென்ஸ் இங்கே போதுமானது மட்டுமல்ல, சில நேரம் அதிகமாகக்கூட இருக்கும். வயல்காரரிடம் கேட்டுவிட்டு உட்காருங்கள். நாற்றங்கால் பக்கம் காலை வைக்காதீர்கள்.

மூன்றாவது, ஏரி வற்றும் காலம். பங்குனி, சித்திரையில் உள்வாயில் குட்டை குட்டையாகத் தண்ணீர் ஒதுங்கும்போது மீன்களும் அதிலேயே ஒடுங்கிவிடும். கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை, நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், சாம்பல் நாரை என எல்லாம் ஒரே குட்டையில் கூடும். ஆழமில்லாத நீரில் காற்றில்லாத காலையில் உருவம் தலைகீழாகத் துல்லியமாக விழும். பார்க்கப் பெரிய காட்சி. ஆனால் பொறுப்பும் பெரிது. சுற்று வட்டாரத்தில் வேறு தண்ணீர் இல்லாததால்தான் அவை அங்கே இருக்கின்றன. கூட்டத்தை ஒரு முறை கலைத்தால் அவை போக இடம் தேட வேண்டும். ஆகவே இருட்டோடு போய் ஓரமாக உட்கார முடியாவிட்டால், அன்றைக்குக் கரையிலிருந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

உட்காரும் விதத்திலும் விஷயம் இருக்கிறது. கரை மேல் நிற்கும் ஆள் வானத்தின் பின்னணியில் தெரிவார். அரை மைலுக்கு அப்பால் உள்ள பறவைக்கும் தெரியும். உள்சரிவில் கொஞ்சம் இறங்கி, ஒரு பனை மரத்தையோ புதரையோ முதுகுக்கு வைத்து உட்கார்ந்தால் உங்கள் உருவம் கரைந்துவிடும். வெள்ளைச் சட்டை வேண்டாம். காக்கி, மண் நிறம், மங்கிய பச்சை எதுவானாலும் சரி. சாலையோரம் என்றால் கார்தான் சிறந்த மறைவிடம். எஞ்சினை நிறுத்திவிட்டு, கதவைத் திறக்காமல், இரண்டு கிலோ அரிசி போட்டுத் தைத்த துணிப்பையை ஜன்னல் விளிம்பில் வைத்து லென்ஸை அதன்மேல் அமர்த்துங்கள். டிரைபாடைவிட உறுதியாக நிற்கும்.

முடிந்தவரை தாழ உட்காருங்கள். படுக்க முடிந்தால் இன்னும் நல்லது. கரை மேலிருந்து கீழ்நோக்கி எடுத்தால் பறவைக்கு ஓரடி பின்னால் இருக்கும் சேறும் பாசியும்தான் பின்னணி. அவையும் பறவையைப் போலவே துல்லியமாகத் தெரிந்து கண்ணை இழுக்கும். லென்ஸைப் பறவையின் கண் உயரத்துக்கு இறக்கினால், பின்னணி இருநூறு முந்நூறு அடி தள்ளிப்போய் எதிர்க்கரையாகிவிடும், தானாகவே மங்கிவிடும். எஃப் 5.6 திறக்கும் சாதாரண லென்ஸிலேயே பின்னணி கரைந்த படம் இப்படித்தான் கிடைக்கிறது.

வெளிச்சமும் காற்றும் சேர்ந்து வரும் பக்கத்தைப் பிடிப்பது அடுத்த வேலை. பெரிய பறவை காற்றை எதிர்த்துத்தான் எழும்பும். காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். எனவே காற்று உங்கள் முதுகில் பட்டால் வந்திறங்கும் பறவையின் முகம் உங்களைப் பார்த்திருக்கும். வெயிலும் முதுகில் இருந்தால் அந்த முகத்தில் வெளிச்சமும் விழும். கார்த்திகை முதல் தை வரை நம் பக்கம் காலையில் வாடை பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து வீசுகிறது, சூரியனும் கிழக்கே. ஏரியின் கிழக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் இரண்டும் உங்களுக்குப் பின்னால் வந்துவிடும். தொண்டை மண்டலத்தில் நிலம் கிழக்கே சரிவதால் பல ஏரிகளுக்குக் கரையே கிழக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. கரையோரம் உட்காருபவருக்குக் காலை நேரம் இயல்பாகவே ஒத்துவரும். அதே பருவத்தில் மாலையில் வெளிச்சம் மேற்கே போய்விடும், காற்று மாறாது. மேற்கே நின்று வெயிலை முதுகில் வாங்கினால் பறவைகள் உங்களுக்கு முதுகு காட்டியே இறங்கும். ஆடியில் மேல்காற்று அடிக்கும்போது கணக்கு மாறி மாலைதான் ஒத்துவரும். கடலுக்குப் பக்கத்தில் கடற்காற்று இந்தக் கணக்கைக் கலைக்கும். அங்கே ஒரு பிடி உலர்ந்த புல்லைக் கிள்ளிப் போட்டுப் பார்த்துக்கொள்வதே நல்லது.

வெயில் ஏறிய பிறகு தண்ணீருக்கும் சேற்றுக்கும் மேலே காற்று அலையாடத் தொடங்கும். கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் ஃபோகஸ் சரியாக இருந்தும் இறகு குழைந்திருக்கும். எந்த விலை லென்ஸாலும் இதைத் தீர்க்க முடியாது. தூரத்துப் பறவையில் இது அதிகம், பக்கத்துப் பறவையில் குறைவு. ஒன்பதரைக்கு மேல் தூரத்துப் படம் எடுக்காமல் குறிப்பு எழுதுங்கள். மேகமூட்டமான நாள் இதற்கு விதிவிலக்கு. அன்றைக்கு வெள்ளைப் பறவைக்கு நாள் முழுவதும் நல்ல நேரம்தான்.

இப்போது உங்கள் வெள்ளைத் திட்டு. உங்கள் கேமராவில் பழுதில்லை. கேமராவின் மீட்டர் எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். இருண்ட பச்சைத் தண்ணீருக்கு நடுவே சின்னதாக ஒரு வெள்ளைக் கொக்கு நின்றால், மீட்டர் தண்ணீரைத்தான் பார்க்கிறது. இருட்டாக இருக்கிறதே என்று வெளிச்சத்தைக் கூட்டுகிறது. தண்ணீர் சாம்பலாகிறது, கொக்கு வெளிறிப் போகிறது. அதே கொக்கு படம் முழுவதையும் நிறைத்தால் நேர்மாறாக நடக்கும், கொக்கே சாம்பலாகும். எனவே எக்ஸ்போஷர் காம்பென்சேஷனில் எப்போதும் இத்தனை வைக்க வேண்டும் என்று ஒரே எண்ணைச் சொல்வது வெள்ளைப் பறவைக்கு உதவாது. இருண்ட பின்னணியில் சிறிய கொக்கு என்றால் மைனஸ் ஒன்றில் தொடங்கலாம்; வெளிர்வானப் பின்னணியில் பறக்கும் கொக்குக்கு பிளஸ் பக்கம் போக வேண்டியிருக்கும். பறவை ஒரே ஓட்டத்தில் தண்ணீர், மரம், வானம் என மூன்றையும் கடக்கும்போது இந்த எண்ணை மாற்றிக்கொண்டே இருக்க முடியாது.

அதனால் மேனுவலுக்குப் போய்விடுங்கள். கொக்கின் மேல் விழும் வெயில் மாறாதவரை பின்னணி எதுவானாலும் கொக்குக்கான அளவு மாறாது. சூரியன் ஒரு பனை உயரம் ஏறி, உங்களுக்குப் பின்னால் இருந்து, வானம் தெளிவாக இருந்தால் ஐஎஸ்ஓ 400, எஃப் 8, ஷட்டர் 1/2000 என்று தொடங்குங்கள். ஒரு படம் எடுத்து, கேமராவில் உள்ள ஹைலைட் எச்சரிக்கையைப் போட்டுப் பாருங்கள். வெளிறிய இடங்கள் திரையில் இமைக்கும். கொக்கின் மார்பு இமைத்தால் 1/2500, 1/3200 என்று ஏற்றுங்கள். இமைப்பு நிற்கும் இடத்தில் நிறுத்துங்கள். விடிந்து முதல் அரை மணி நேரத்துக்கு ஷட்டரைக் குறைக்க வேண்டியிருக்கும், ஐஎஸ்ஓவைக் கூட்ட வேண்டியிருக்கும். பக்கத்தில் ஒரு நீர்க்காகம் வந்து உட்கார்ந்து அது கறுப்பாகத் தெரிந்தால் பதறாதீர்கள். இருட்டில் ஒளிந்திருக்கும் விவரத்தைப் பின்னால் ஓரளவு மீட்கலாம். வெள்ளையில் ஒரு முறை போனது போனதுதான். ரா ஃபைலில் எடுங்கள். ஜேபெக்கில் எடுப்பதை விட வெள்ளையில் கொஞ்சம் கூடுதல் இடம் கிடைக்கும்.

வெள்ளைக்குள் இறகு தெரிய வேண்டும் என்றால் அளவு சரியாக இருந்தால் மட்டும் போதாது; வெளிச்சம் சற்றே சாய்ந்து விழ வேண்டும். சூரியன் சரியாக முதுகுக்கு நேரே இருந்தால் மார்பு தட்டையாகத் தெரியும். இருபது முப்பது பாகை பக்கவாட்டில் நகர்ந்து உட்காருங்கள். ஒவ்வொரு இறகுக்கும் மெல்லிய நிழல் விழும். இனப்பெருக்கக் காலத்தில் சின்னக் கொக்கின் முதுகில் தொங்கும் மெல்லிழை இறகுகளை எடுக்கப் பின்வெயில்தான் பொருத்தம். இருண்ட மரநிழல் பின்னால் இருக்க, அந்த இழைகள் ஒளியில் தனித்தனியாகத் தெரியும்.

மடையான் ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒரு காலை முழுவதும் பாருங்கள் என்று உங்களைக் கேட்டுக்கொள்வேன். குருட்டுக்கொக்கு என்று உங்கள் ஊரில் சொல்லலாம். பெரிய நாரைகளைத் தேடி அலைபவர்கள் இதை மதிப்பதில்லை. எனக்கோ இதைவிட நல்ல ஆசான் கிடையாது. பழுப்புக் கோடுகளோடு கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு கல்லோடு கல்லாக இருக்கும். மீனைக் கண்டதும் கழுத்து மட்டும் மெல்ல நீளும். ஒரு காலைத் தூக்கும்; விரல்கள் மடங்கும்; தண்ணீர் கலங்காமல் முன்னால் வைக்கும். உடம்பு நகர்ந்தாலும் தலை காற்றில் ஆணி அடித்தாற்போல் நிற்கும். சில நேரம் கழுத்து பக்கவாட்டில் ஆடும், தலை ஆடாது. அலகின் நுனி தண்ணீரைத் தொடும் அளவுக்குத் தாழ்ந்து, உடம்பு முன்னால் சாய்ந்துவிட்டால் விரலைப் பட்டனில் வையுங்கள். கொக்கு இனங்களின் கழுத்தில் ஆறாவது முள்ளெலும்பு நீண்டிருக்கிறது. வளைந்து கிடக்கும் கழுத்து ஒரே வீச்சில் நீள்வது அதனால்தான். அந்த வீச்சைப் பார்த்த பிறகு பட்டனை அழுத்தினால் கிடைப்பது தெறிக்கும் தண்ணீர் மட்டுமே. 1/2000க்குக் குறையாத ஷட்டரில், தொடர் ஃபோகஸில், தொடர் ஓட்டத்தில் வைத்துக்கொண்டு சாய்வைக் கண்டதுமே தொடங்க வேண்டும். பல படங்களில் கண் பால் படிந்தது போல் இருக்கும். தண்ணீருக்குள் பாயும்போது கண்ணைக் காக்க ஒரு சவ்வு மூடிக்கொள்வதால் அப்படி. அது படத்தின் குறை அல்ல.

உண்மையில் பாய்ச்சலை விட அதற்குப் பின்னால் வருவதுதான் நல்ல படம். குறுக்காகப் பிடித்த மீனை அலகிலேயே தட்டித் திருப்பி, தலை முன்னால் வரும்படி மாற்றிப் பிடித்து விழுங்கும். அப்போதுதான் செதிலும் முள்ளும் தொண்டையில் சிக்காது. இதற்குச் சில விநாடி ஆகும். உங்களுக்கு அவகாசம் உண்டு. தொண்டையில் மீன் இறங்குவது வெளியிலிருந்தே தெரியும். பிறகு அலகைத் தண்ணீரில் தோய்க்கும். உடம்பு முழுவதையும் சிலிர்த்து உதறும். இந்தச் சிலிர்ப்பு ஏறக்குறைய ஒவ்வொரு முறையும் வரும். அதற்குக் காத்திருங்கள். சின்னக் கொக்கு என்றால் காலைப் பாருங்கள். கறுப்புக் காலுக்கு மஞ்சள் பாதம். அந்தப் பாதத்தைச் சேற்றில் வைத்து அதிர ஆட்டி, கிளம்பும் சிறு மீனைக் கொத்தும். ஒரு கால் நடுங்கத் தொடங்கினால் அடுத்த கொத்து பக்கத்தில் இருக்கிறது. வக்கா இரவில் இரை தேடுவது. பொழுது சாய்ந்ததும் கிளம்பும்போது ஐஎஸ்ஓவை ஏற்றினால்தான் அதன் சிவப்புக் கண் கிடைக்கும். ஃபிளாஷ் வேண்டாம்.

பறப்பதை எடுக்க, பறக்கப் போவதைத் தெரிந்துகொண்டால் போதும். உடம்பு முன்னால் சாயும், முழங்கால் மடங்கும், பல நேரம் எச்சமிடும். அடுத்த கணம் கிளம்பிவிடும். கொக்கும் சாம்பல் நாரையும் சிறகடிப்பில் நிதானமானவை, 1/1600 தாராளம். கிளம்பிய பிறகு கழுத்தை மடித்துக்கொள்ளும். மஞ்சள் மூக்கு நாரை, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன் எல்லாம் கழுத்தை நீட்டியே பறக்கும். அவற்றுக்குப் படத்தில் முன்பக்கம் கூடுதல் இடம் விட வேண்டும். பறக்கும் படத்துக்காகக் கல்லெறிவதையும் கைதட்டுவதையும் பல இடங்களில் பார்க்கிறேன். பார்க்கும் ஒவ்வொரு முறையும் எனக்குக் கோபம் வருகிறது. அப்படி எழுப்பிவிட்ட பறவையின் படம் பெரும்பாலும் நம்மை விட்டு ஓடும் முதுகின் படம்தான். அந்த ஒரு படத்துக்காகக் கூட்டம் முழுவதும் இரையை விட்டுப் போகிறது. உங்கள் மாணவர்கள் கூட வந்தால் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

இனி ஆலமரம். மறைக்கும் அந்தக் கிளையும் கூட்டின் பகுதிதான். அந்த இலைதான் குஞ்சுக்கு நிழல். காக்கைக்கும் பருந்துக்கும் மறைப்பு. கொக்குக் குஞ்சு பிறக்கும்போது உடம்பில் தூவி மட்டும்தான் இருக்கும். தன் உடல் சூட்டைத் தானே காத்துக்கொள்ளத் தெரியாது. உச்சி வெயிலில் தாய் சிறகை விரித்துக் குடை பிடித்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். நீங்கள் கிட்டே போய் அந்தத் தாய் எழும்பினால், முதலில் வருவது வெயில். அடுத்து வருவது காக்கை. வளர்ந்த குஞ்சுகள் மிரண்டு கிளை மாறப் பார்த்துக் கீழே விழும். விழுந்த குஞ்சைப் பெரும்பாலும் தாய் வந்து ஊட்டுவதில்லை. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், பாதுகாக்கப்பட்ட பறவைகளின் முட்டையையும் கூட்டையும் தொந்தரவு செய்வதை வேட்டைக் கணக்கிலேயே சேர்க்கிறது. ஆனால் சட்டத்துக்கு முன்னால் அந்தத் தாயின் சிறகையே நினைத்துப் பாருங்கள்.

கொக்குக் கூட்டின் படத்துக்கு ஒரு வரலாறு உண்டு; உங்கள் மாணவர்களுக்கு அதைச் சொல்லலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சீமாட்டிகளின் தொப்பிக்குக் கொக்கின் மெல்லிழை இறகு சூடுவது நாகரிகமாக இருந்தது. எடைக்கு எடை தங்கத்தை விட விலை போனது. அந்த இறகு இனப்பெருக்கக் காலத்தில்தான் முளைக்கும் என்பதால், கூட்டில் குஞ்சு இருக்கும்போதுதான் தாய்ப் பறவைகளைச் சுட்டார்கள். 1906இல் ஆஸ்திரேலியாவில் மர்ரே ஆற்றுப் பகுதிக் கொக்குக் குடியிருப்பு ஒன்றுக்கு ஆர்தர் மேட்டிங்லி என்ற பறவையியலாளர் போனபோது, தாய்ப் பறவைகள் சுடப்பட்டுக் கிடந்தன; கூடுகளில் குஞ்சுகள் பசியில் செத்துக்கொண்டிருந்தன. அவர் அதைப் படமெடுத்தார். அந்தப் படங்களை இங்கிலாந்தின் பறவைப் பாதுகாப்புச் சங்கம் பெரிதாக்கிப் பலகைகளில் ஒட்டி, 1911இல் லண்டன் தெருக்களில் அவற்றைச் சுமந்தபடி ஆட்களை நடக்கவைத்தது. இறகு இறக்குமதியைத் தடுக்கும் சட்டம் பிரிட்டனில் 1921இல் வந்தது. கூட்டைப் படமெடுப்பதே தவறு என்று நான் சொல்வதாக எண்ணிவிடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன். பறவைக்கு நன்மை செய்த படங்களில் சில கூட்டின் படங்கள்தான்.

உங்கள் மாடியிலிருந்து எடுக்கலாம், சில நிபந்தனைகளோடு. மாடியில் ஆள் நடமாட்டம் அந்தப் பறவைகளுக்கு ஏற்கெனவே பழகியிருக்க வேண்டும். நீங்கள் தலை காட்டியதும் ஒரு பறவையாவது எழும்பி நின்றால் அன்றைக்கு இறங்கிவிடுங்கள். கூடு கட்டத் தொடங்கும்போதும் அடைகாக்கும் முதல் நாட்களிலும் போகவே வேண்டாம். அப்போது கலைத்தால் கூட்டையே கைவிடும். குஞ்சுகள் இறகு விட்டு விளிம்பில் நிற்கத் தொடங்கிய பிறகு, காலை வெயில் ஏறுவதற்குள், கால் மணி நேரம் போதும். மழையில் வேண்டாம். முப்பது மாணவர்களை மாடிக்கு ஏற்றாதீர்கள். இரண்டிரண்டு பேராகத் தரையிலிருந்து பைனாகுலரில் காட்டுங்கள். கிளை மறைத்தால் மறைக்கட்டும், இலைகளுக்கு நடுவே தெரியும் தலைகளை எடுங்கள். எடுத்த படத்தை எங்கும் பகிரும்போது மரம் இருக்கும் இடத்தைக் குறிப்பிடாதீர்கள்.

உங்களுக்குப் பக்கத்திலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. வேடந்தாங்கலில் பறவைகளைக் காத்தது முதலில் ஊர்க்காரர்கள். எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று அறிந்து, சுட வந்தவர்களைத் தடுத்து, கலெக்டரிடம் முறையிட்டு உரிமை வாங்கினார்கள். 1858இல் செங்கல்பட்டு கலெக்டரின் உத்தரவு அதை உறுதி செய்தது. சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டியில் வேட்டங்குடி ஏரிப் பறவைகளுக்காக இன்றும் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. உங்கள் ஆலமரத்துக்குக் கீழே எச்சம் விழுகிறது, நாற்றம் அடிக்கிறது என்று அதை வெட்டச் சொல்ல நாளைக்கு யாராவது வருவார்கள். அன்றைக்கு உங்கள் படங்கள் ஊர்க் கூட்டத்தில் பேச வேண்டும். அதற்காகவாவது ஒவ்வொரு ஆண்டும் எந்த மாதம் கூடு தொடங்கியது, எத்தனை கூடு, என்னென்ன இனம் என்று தேதியோடு எழுதி வையுங்கள். பொங்கலையொட்டி நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் பள்ளியாகவே கலந்துகொள்ளலாம்.

கடைசியாக லென்ஸ். சின்னக் கொக்கு கழுத்தை நீட்டி நின்றால் ஏறக்குறைய இரண்டடி. உங்கள் கேமராவில் 300இல் வைத்து, படத்தின் பாதி உயரத்துக்கு அது வர வேண்டுமானால் சுமார் 75 அடி தூரத்தில் நிற்க வேண்டும். 600 என்றால் 150 அடி. பணம் கொடுத்து வாங்குவது இந்தக் கூடுதல் 75 அடியைத்தான். கலங்கலிலும் மதகடியிலும் உழவு வயலிலும் உட்காரப் பழகியவருக்கு அது தேவைப்படாது. வேடந்தாங்கல், கரிக்கிலி போன்ற சரணாலயங்களில் நாம் பாதையை விட்டு இறங்கக் கூடாது, இறங்கவும் விடமாட்டார்கள். நடுஏரி மரங்களில் உள்ள பறவைக்கு 300 எட்டாது. அங்கே அந்தி நேரத்தில் கூட்டமாகத் திரும்பி வருவதையும், மரம் முழுக்கப் பறவையாக இருப்பதையும் அகலமாக எடுங்கள். பறவை சிறிதாக இருந்தாலும் அது வாழும் இடம் தெரிகிற படம் எனக்கு அதிகம் பிடிக்கும். மா. கிருஷ்ணன் இத்தனை வசதி இல்லாத காலத்தில் கறுப்பு-வெள்ளையிலேயே நம் காட்டுயிர்களைப் படமெடுத்தவர். அவருடைய படங்களைத் தேடிப் பாருங்கள்.

ஒரு முழுப் பருவம், ஐப்பசியிலிருந்து சித்திரை வரை, இந்த லென்ஸோடு இருங்கள். அதன் பிறகும் தூரம் போதவில்லை என்று தோன்றினால், வாங்கும் முன் வாடகைக்கு எடுத்து இரண்டு நாள் பயன்படுத்திப் பாருங்கள். 150–600 லென்ஸ்கள் சுமார் இரண்டு கிலோ இருக்கும். கரையில் ஒரு மணி நேரம் கையில் பிடித்துப் பார்த்தால் வேண்டுமா வேண்டாமா என்று தெரிந்துவிடும். இப்போதைக்குச் செலவு செய்யத் தோன்றினால் ஒரு பைனாகுலர் வாங்குங்கள், 8×42 அளவு. அதை மாணவர்களும் கையில் எடுத்துப் பார்க்கலாம்.